கண்ணொளி இழந்த கணித மேதை ஒயிலர்

எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிருக்கு இரு கண்களாக மதித்தவர் நம் முன்னோர். அவ்விரண்டனுள் எழுத்தைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், இவ்விழா மலரில் எண்ணின் பக்கம் திரும்பிக் கணித மேதை ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். மாணாக்கருக்கு எடுத்துச் சொல்லத்தக்க வாழ்க்கை எத்துறையிற் காணப்பட்டாலும் அதனை எடுத்துச் சொல்லுதல் ஆசிரியர் கடனாகும். லெயோனாட் ஒயிலர் என்னும் பெயரை, நமது கல்லூரியின் உயர்தர வகுப்பில் தூய கணிதம் பயின்ற பழைய மாணவர் யாவரும் அறிவர். பெயரை அறிந்த அளவுக்கு அவர்தம் வாழ்க்கையை அறிந்தவர் சிலரே.

அவ்வாழ்க்கை முழுவதையும் சில பக்கங்களுள் அடக்குதல் இயலாது. ஆதலால் 2,147,483,647 என்னும் ஓர் எண்ணைத் துணையாகக் கொண்டு அதனுட் புகுவோம். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்பது இதன் பெயர். முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். இது ஒரு முதன்மை எண். அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. ஒயிலர் தமது இருபத்தைந்தாம் வயதில், நிறுவல் எதுவும் காட்டாமல், இவ்வெண்ணை முதன்மை எண்களின் வரிசையில் வைத்தார். அறுபத்தைந்தாம் வயதில், இரு கண்களின் ஒளியும் போன பின்னர், அதனை நிறுவிக் காட்டினார். சொன்னதற்கும் நிறுவியதற்கும் இடையில் நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அந்நாற்பது ஆண்டுகளில் அவர் என்ன ஆனார், எதனைப் பெற்றார், எதனை இழந்தார் என்பதே நாம் கூறப்போகும் வரலாறு.

பிறப்பும் கல்வியும்

ஒயிலர் 1707 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15 ஆம் நாள் சுவிற்சலாந்து நாட்டின் பாசெல் நகரிற் பிறந்தார். தந்தையார் போல் ஒயிலர் ஒரு கிறித்தவப் போதகர். நகரை அடுத்த ரீயென் என்னும் சிற்றூரிற் குருவாகப் பணிபுரிந்த அவர், தம் மைந்தனும் அவ்வழியே வரவேண்டும் என விரும்பினார். ஆயினும் அத்தந்தையாரே இளமையிற் கணிதம் கற்றவராதலின், மைந்தனுக்கு அதன் முதற் பாடங்களையும் தாமே கற்பித்தார்.

பதின்மூன்றாம் வயதில் ஒயிலர் பாசெற் பல்கலைக்கழகம் புகுந்தார். அக்காலத்தில் அங்கு கணிதப் பேராசிரியராக விளங்கியவர் யோகான் பேணூயி. ஐரோப்பாக் கண்டம் முழுவதும் மதித்த அப்பெரியார் இச்சிறுவனுக்குத் தனியே பாடஞ் சொல்ல நேரமில்லை என மறுத்துவிட்டார். ஆனால் கடினமான நூல்களைத் தானே படிக்குமாறும், விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகல்தோறும் தம்மிடம் வந்து கேட்குமாறும் பணித்தார். ஐயங்களின் தொகையைக் குறைத்துக்கொண்டு ஆசிரியர் முன் செல்லல் வேண்டும் என்பதற்காக ஒயிலர் வாரம் முழுவதும் முயன்று படித்தார். இதனினும் சிறந்த கற்பித்தல் முறை வேறில்லை என அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். மைந்தனைக் குருத்துவப் பணிக்கு அனுப்ப எண்ணிய தந்தையாரின் மனத்தை மாற்றியவரும் பேணூயியே.

இருபதாம் வயதளவில் தம் நகரிலேயே பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கு ஒயிலர் விண்ணப்பித்தார், அது கிடைக்கவில்லை. அப்பதவி கிடைத்திருப்பின் அவர் பாசெலிலேயே வாழ்ந்து முடிந்திருக்கவுங்கூடும். அது கிடையாமையால், உருசிய நாட்டின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரிற் புதிதாக அமைந்த அறிவியற் கழகத்தின் அழைப்பை ஏற்று, 1727 ஆம் ஆண்டு அவர் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் பாசெலுக்குத் திரும்பி வரவேயில்லை.

நண்பர் எழுப்பிய வினா

உருசியாவில் ஒயிலருக்கு வாய்த்த நண்பருள் கோல்ட்பாக் என்பவர் ஒருவர். அறிவியற் கழகத்தின் செயலாளராக இருந்து பின் மொஸ்கோ நகருக்குச் சென்ற இவர், 1729 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் ஒயிலருக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் ஒரு வினாவை எழுப்பினார். நூறாண்டுக்கு முன் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பெர்மா என்னும் பெரியார், 3, 5, 17, 257, 65,537 என ஒரு குறித்த ஒழுங்கில் வளரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே எனக் கருதினார். அவர் அதனை நிறுவவில்லை. அக்கூற்று மெய்யோ எனக் கோல்ட்பாக் கேட்டார். ஒயிலர் முதலில் அதிற் பெரிதும் ஈடுபாடு காட்டவில்லை. நண்பரோ விடவில்லை, மீண்டும் எழுதினார்.

அவ்வரிசையில் அடுத்து வருவது 4,294,967,297. அது 641 ஆல் மீதியின்றி வகுபடும் என 1732 இல் ஒயிலர் காட்டினார். 641 ஐ 6,700,417 ஆற் பெருக்கினால் அவ்வெண் வந்துவிடும். பெருக்கல் கற்ற மாணாக்கன் எவனும் இதனைச் சரிபார்க்கலாம். பெர்மாவின் கூற்று அத்துடன் வீழ்ந்தது. 641 ஐ எவ்வாறு தேர்ந்தெடுத்தார் என்பதைப் பின்னர் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒயிலர் விளக்கினார். அவ்வெண்ணை வகுக்கவல்ல முதன்மை எண் எதுவாயினும், அது அறுபத்து நான்கின் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பதை அவர் கண்டார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வரிசையாக வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை அகப்பட்டுவிடுகின்றது. எண்ணற்ற எண்களால் வகுத்து வகுத்துச் சலிப்பதன் முன்னர், எவற்றால் வகுக்க வேண்டும் என்பதைச் சிந்தித்துத் தெளிந்த முறை இது. நாற்பது ஆண்டின் பின்னர் இம்முறையே அவருக்குக் கைகொடுத்தது.

நிறைவெண்களும் இளமையின் துணிவும்

பெர்மாவின் கூற்றை வீழ்த்திய அதே கட்டுரையில் ஒயிலர் மற்றொரு பழைய பொருளையும் எடுத்தார். ஆறு என்னும் எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று ஆகியன வகுக்கும். அம்மூன்றையும் கூட்டினால் ஆறே வரும். 28 ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 என்பவற்றைக் கூட்டினால் 28 வரும். தன்னிற் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகை தானேயாகும் இத்தகைய எண்களைக் கிரேக்கர் நிறைவெண்கள் என மதித்தனர். இரண்டின் ஒரு வலுவில் ஒன்றைக் கழிக்க வருவது முதன்மை எண்ணாயின், அதனை முந்திய வலுவாற் பெருக்கினால் நிறைவெண் ஒன்று கிடைக்கும் என யூக்கிளிட் முன்னரே நிறுவியிருந்தார். நான்கில் ஒன்று கழிக்க மூன்று. அதனை இரண்டாற் பெருக்க ஆறு. எட்டில் ஒன்று கழிக்க ஏழு. அதனை நான்காற் பெருக்க இருபத்தெட்டு.

ஆதலால் நிறைவெண்ணைத் தேடுதல் என்பது இவ்வகை முதன்மை எண்ணைத் தேடுதலே யாயிற்று. இவ்வகை எண்களை இன்று மேர்சென் எண்கள் என்பர். மேர்சென் என்பார் பிரான்சு நாட்டுத் துறவி. இரண்டின் எவ்வெவ் வலுக்கள் இத்தகைய முதன்மை எண்களைத் தரும் என 1644 இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 31 அதில் இருந்தது, நிறுவல் இல்லை. பிற்காலத்தார் ஆராய்ந்தபோது அப்பட்டியலிற் கூடாதன சில இருந்தமையும், இருக்க வேண்டியன சில விடுபட்டமையும் தெரியவந்தன.

இளைஞராகிய ஒயிலரும் தம் கட்டுரையில் ஒரு பட்டியல் கொடுத்தார். சுட்டி முதன்மை எண்ணாக இருந்தும் பயன்படாத இடங்கள் பலவற்றை அவர் திறம்படக் காட்டினார். சுட்டி 11 ஆயின் வரும் எண் 23 ஆல் வகுபடும். 23 ஆயின் 47 ஆல் வகுபடும். 83 ஆயின் 167 ஆல் வகுபடும். இவை யாவும் சரியானவை. ஆனால் முதன்மை எண் தருவனவாக அவர் குறித்த சுட்டிகளுள் 31 உடன் 41, 47 ஆகிய இரண்டும் இடம்பெற்றன. அவ்விரண்டும் பிழை. 41 ஆல் வரும் எண்ணை 13,367 வகுக்கும். 47 ஆல் வரும் எண்ணை 2,351 வகுக்கும். மூன்று கூற்றுக்கள் ஒரே துணிவோடு சொல்லப்பட்டன, இரண்டு பொய்த்தன. எஞ்சிய ஒன்று மெய்யோ பொய்யோ என்பதை அன்று யாரும் அறியார். இந்நிலையில் அம்முப்பத்தொன்று நின்றது.

ஒரு கண்ணை இழத்தல்

1733 இல் ஒயிலர் கணிதப் பேராசிரியர் பதவி பெற்றார். அடுத்த ஆண்டில் ஓவியர் ஒருவரின் மகளாகிய கதரீனாவை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் பதின்மூவர் பிறந்தனர். அவர்களுள் ஐவர் தவிர ஏனையோர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். ஒரு குழந்தையை மடியிலிருத்தியும், மற்றொரு குழந்தை காலடியில் விளையாடிக் கொண்டிருக்கவும் அவர் கணிதம் எழுதுவார் என்பர்.

1735 இல் கொடிய காய்ச்சல் ஒன்று அவரைப் பற்றியது. உயிர் பிழைத்தார், எனினும் 1738 அளவில் வலக் கண்ணின் பார்வை போயிற்று. இனிக் கவனத்தைச் சிதறச் செய்யும் காட்சிகள் குறைந்துவிடும் எனத் தம் இழப்பை அவர் எளிதாகப் பேசிக் கடந்தார் எனக் கூறுவர். அந்நோய்க் காலத்தை ஒட்டியே, 1, 4, 9, 16 எனத் தொடரும் வர்க்க எண்களின் தலைகீழ் எண்களை முடிவின்றிக் கூட்டினால் என்ன வரும் என்னும் பெரும் புதிருக்கு அவர் விடை கண்டார். வட்டத்துக்குரிய பை என்னும் மாறிலியின் வர்க்கத்தில் ஆறிலொன்றே அவ்விடை. ஒயிலரின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது.

1741 இல் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பின்பேரில் அவர் பேர்லின் நகருக்குச் சென்றார். அரசரின் தாயார் அன்போடு உரையாட முயன்றபோது ஒயிலர் ஓரிரு சொற்களே விடையிறுத்தாராம். அதன் காரணத்தை அரசியார் வினவ, வாய் திறந்து பேசியோர் தூக்கிலிடப்படும் நாட்டிலிருந்து தாம் வருவதாக அவர் மறுமொழி கூறினார் என்பது நெடுங்காலம் வழங்கிவரும் செய்தி. பேர்லினில் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அளவிறந்த பணி செய்தார். ஆனால் நயமான பேச்சையும் நாகரிகப் பகட்டையும் விரும்பிய மன்னருக்கு, எளிய உடையும் எளிய இறைபக்தியும் கொண்ட இக்கணிதர் பிடிக்கவில்லை. அவருடைய ஒற்றைக் கண்ணையும் மன்னர் எள்ளி நகையாடினார். கல்வியை மதியாதவரிடத்தும் கடமையிற் குறை வையாது நெடுநாள் இருந்த ஒயிலர், 1766 இல் உருசிய அரசி இரண்டாம் கதரீன் மதிப்போடு அழைக்கவே, குடும்பத்தோடு சென். பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு மீண்டார்.

இருள் சூழ்ந்த நாட்கள்

மீண்ட சில காலத்துள்ளேயே எஞ்சிய இடக் கண்ணிலும் புரை படர்ந்தது. தமக்கு வரவிருப்பதை உணர்ந்த அவர், பார்வை முற்றும் போவதன் முன்னரே கரும்பலகையிற் பெரிய எழுத்துக்களாற் சுண்ணக்கட்டி கொண்டு எழுதவும், பிறர் எழுதிக்கொள்ளச் சொல்லவும் பழகினார். தையற் தொழில் பயின்ற இளைஞன் ஒருவனைப் பணியாளாக வைத்துக்கொண்டு அவனுக்கு அட்சரகணித நூல் ஒன்றைச் சொல்லி எழுதுவித்தார். எண்கணக்குக்கு அப்பால் ஒன்றும் அறியாத அவ்விளைஞன் நூல் முடியும்போது அட்சரகணிதக் கணக்குகளைத் தானே செய்யவல்லவன் ஆனானாம். 1770 இல் செருமன் மொழியில் வெளிவந்த அந்நூல் ஐரோப்பிய மாணாக்கர் பலருக்கு வழிகாட்டியாயிற்று.

1771 ஆம் ஆண்டு இரட்டைத் துன்பம் கொண்டு வந்தது. நகரில் எழுந்த பெருந்தீயில் ஒயிலரின் இல்லம் எரிந்தது. பாசெல் நகரத்துத் தொழிலாளி பீற்றர் கிரிம் என்பவர் தம்முயிரைப் பொருட்படுத்தாது உட்புகுந்து, பார்வையற்ற முதியவரைத் தோளிற் சுமந்து வெளியே கொணர்ந்தார். நூல்கள் அழிந்தன, கையெழுத்துப் படிகளுட் பெரும்பாலானவை காப்பாற்றப்பட்டன. அதே ஆண்டிற் கண்ணுக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. சில நாட்கள் அவர் மீண்டும் உலகைக் கண்டார். பின்னர்ப் புண் சீழ்பிடித்து, கடும் வேதனை தந்து, இருந்த சிறு ஒளியையும் கொண்டு போயிற்று.

இனி இவரால் என்ன ஆகும் என எவரும் எண்ணியிருத்தல் கூடும். நடந்ததோ வேறு. மூத்த மைந்தரும், லெக்செல் முதலிய இளம் கணிதரும், 1773 இற் பாசெலிலிருந்து வந்து சேர்ந்த பூஸ் என்னும் மாணாக்கரும் சூழ்ந்திருக்க, ஒயிலர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினர். 1775 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு கட்டுரை என்னும் அளவில் அவருடைய ஆக்கம் பெருகிற்று. கண் செய்த வேலையை நினைவாற்றல் ஏற்றுக்கொண்டது. இலத்தீன் மொழிப் பெருங்காப்பியமாகிய ஈனிட்டை அவர் முழுவதும் மனனம் செய்திருந்தார். தம்மிடம் இருந்த பிரதியில் ஒவ்வொரு பக்கமும் எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடியும் என்பதையும் சொல்வாராம். மாணாக்கர் இருவர் நீண்ட தொடரொன்றைத் தனித்தனியே கூட்டி ஐம்பதாம் தானத்தில் வேறுபட்டபோது, அவர் முழுக் கணக்கையும் மனத்திலேயே செய்து தவறிய இடத்தைச் சுட்டினார் எனவும் கூறுவர்.

நாற்பது ஆண்டின் பின் நிறுவல்

இந்நிலையில் 1772 ஆம் ஆண்டு பேர்லினுக்கு ஒரு கடிதம் சென்றது. தம் ஆசிரியராகிய யோகான் பேணூயியின் பேரருக்கு ஒயிலர் எழுதிய கடிதம் அது. 2,147,483,647 முதன்மை எண் என்பதைத் தாம் உறுதி செய்த வழியை அதிற் குறித்திருந்தார்.

வழியின் அருமையை அறிய முதலில் வேலையின் அளவை அறிதல் வேண்டும். ஓர் எண் முதன்மை எண்ணா என அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தல் போதும். அதற்குட்பட்ட ஒன்றாலும் வகுபடாதது அதற்கு மேற்பட்டதாலும் வகுபடாது. இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,340 க்குச் சிறிது மேற்பட்டது. அவ்வெல்லைக்குள் ஏறத்தாழ 4,800 முதன்மை எண்கள் உள. பத்து இலக்க எண்ணை அத்தனை முறை வகுத்தல் வேண்டும்.

ஒயிலர் முதலிற் சிந்தித்தார். இவ்வெண்ணை ஒரு முதன்மை எண் வகுப்பதாகக் கொள்வோம். அவ்வாறாயின் இரண்டின் வலுக்களை அம்முதன்மை எண்ணால் வகுக்கும்போது வரும் மீதிகள், முப்பத்தொன்றாம் வலுவில் ஒன்று என்னும் மீதிக்குத் திரும்பிவரும். அம்முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த வலுவிலும் மீதி ஒன்றாகவே வரும் என்பது பெர்மா கூறிய தேற்றம். அதற்கு 1736 இல் நிறுவல் அளித்தவரும் ஒயிலரே. 31 ஒரு முதன்மை எண்ணாதலின், வகுக்கும் எண்ணில் ஒன்று குறைத்தால் அது 31 இன் மடங்காதல் வேண்டும். வகுக்கும் எண் ஒற்றையெண்ணாதலால் அது 62 இன் மடங்குமாகும். இஃது ஒரு சல்லடை. வகுக்கும் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி ஒன்று அல்லது ஏழாகவே வரும் என்பது மற்றொரு சல்லடை. இரண்டையும் சேர்த்தால், வகுக்கும் எண் 248 இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவோ, அறுபத்து மூன்று கூடியதாகவோ மட்டுமே இருத்தல் கூடும்.

46,340 வரை அத்தகைய முதன்மை எண்கள் எண்பதை ஒட்டியனவே உள. முதலாவது 311, அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1,303, அதனால் வகுத்தால் மீதி 226. இவ்வாறு இறுதிவரை சென்றால் ஒவ்வொன்றும் மீதி தரும், ஒன்றும் வகுப்பதில்லை. ஏறத்தாழ 4,800 வகுத்தல்கள் எண்பதளவாகச் சுருங்கின. கண்ணுள்ளவரும் அஞ்சும் பெருவேலையைக் கண்ணில்லாதவர் அறிவினாற் குறைத்து, குறைத்த பின் எஞ்சியதை ஒன்றும் விடாமற் செய்து முடித்தார்.

அத்துடன் இளமையில் நிறுவலின்றிச் சொன்ன மூன்றனுள் ஒன்று மெய்யாயிற்று. யூக்கிளிட்டின் வழிப்படி 2,305,843,008,139,952,128 என்னும் பத்தொன்பது இலக்க எண் நிறைவெண் என்பதும் உறுதியாயிற்று. இரட்டை நிறைவெண்கள் யாவும் யூக்கிளிட் காட்டிய வழியால் மட்டுமே வரும் என்பதையும் ஒயிலர் நிறுவினார். அந்நிறுவல் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் 1849 இலேயே அச்சேறியது.

அவ்வெண்ணின் பின் வரலாறு

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வரை, அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியது என்னும் பெருமை ஒயிலரின் எண்ணுக்கே இருந்தது. 1811 இல் ஆங்கிலக் கணிதர் பாலோ தமது நூலில், ஒயிலர் வழி கிடைத்த நிறைவெண்ணிலும் பெரியதொன்றை இனி எவரும் தேடமாட்டார் என்னும் கருத்தை வெளியிட்டார். அத்தகைய எண்கள் விந்தையன்றிப் பயனற்றவை என்பது அவர் எண்ணம். அதுவும் நிறுவலற்ற கூற்றேயாயிற்று. 1876 இல் பிரான்சு நாட்டு ஆசிரியர் லூக்கா, முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட மேர்சென் எண் ஒன்று முதன்மை எண் எனக் காட்டினார். 2024 இற் கணினிகளின் துணையாற் கண்டறியப்பட்ட மேர்சென் முதன்மை எண்ணுக்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள.

பயனற்றது என்ற சொல்லும் நிலைக்கவில்லை. கணினிகள் எண்களை இரண்டின் வலுக்களாகவே வைத்துக் கணிக்கின்றன. முப்பத்திரண்டு இடங்கள் கொண்டு, அவற்றுள் ஒன்றைக் கூட்டல் கழித்தற் குறிக்கு ஒதுக்கினால், எஞ்சிய இடங்களில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் ஒயிலரின் எண்ணே. 1970 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து செக்கன்களை அவ்வளவு இடங்களில் எண்ணிவரும் கணினிகளின் கடிகாரம் 2038 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் நாள் அவ்வெண்ணை அடைந்து மேற்செல்ல இயலாது நிற்கும். ஆதலின் அவற்றை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒழுங்கற்றவை போலத் தோன்றும் எண்களைக் கணினியில் ஆக்குவதற்கும் இவ்வெண் பயன்பட்டது. ஓர் எண்ணை 16,807 ஆற் பெருக்கி ஒயிலரின் எண்ணால் வகுத்து மீதியை எடுத்து, அம்மீதியை மீண்டும் அவ்வாறே செய்துகொண்டு போனால், எல்லைக்குட்பட்ட எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்த பின்னரே முதல் எண் திரும்பிவரும். வகுக்கும் எண் முதன்மை எண்ணாக இருப்பதனாலேயே இது கைகூடுகின்றது.

இறுதி நாள்

கதரீனா அம்மையார் 1773 இற் காலமானார். அதன் பின்னும் பத்தாண்டுகள் ஒயிலரின் பணி நடந்தது. 1783 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 18 ஆம் நாள், ஆகாயத்திலெழும் பலூனின் இயக்கம் பற்றிக் கணித்தார். இரண்டாண்டுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனசு என்னும் கோளின் பாதை பற்றி லெக்செலோடு உரையாடினார். மாலையிற் பேரப்பிள்ளையோடு விளையாடிக் கொண்டிருக்கையில் மூளையிற் குருதி பெருகி உணர்விழந்து, அன்றிரவே உயிர் நீத்தார். அகவை எழுபத்தாறு. அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அறிவியற் கழகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வெளியிட்டுக்கொண்டே இருந்தது. 1911 இற் சுவிற்சலாந்தினர் தொடங்கிய முழுப் பதிப்பு எழுபதுக்கு மேற்பட்ட பெருந்தொகுதிகளாக வளர்ந்தது.

ஒயிலர் வாழ்க்கையில் வியத்தற்குரியன பல. பார்வை இழந்தும் பணி குன்றாமையை உலகம் பெரிதும் பாராட்டும், நாமும் பாராட்டுகின்றோம். ஆயினும் மாணாக்கர் நெஞ்சிற் பதிக்க விரும்புவது வேறொன்று. முப்பத்தொன்று பற்றி ஒயிலர் 1732 இற் சொன்னது மெய்யே. அன்றே மெய்யாக இருந்ததொன்றை மீண்டும் நிறுவவேண்டிய தேவை என்ன என ஒருவர் கேட்கலாம். அதே துணிவோடு சொன்ன 41 உம் 47 உம் பொய்யாயினமையே அதற்கு விடை. சொன்னவருடைய புகழைக் கொண்டு ஒரு கூற்று மெய்யாவதில்லை. பெர்மாவின் புகழும் மேர்செனின் புகழும் அவர்தம் கூற்றுக்களைக் காக்கவில்லை; ஒயிலரின் புகழும் அவர் கூற்றைக் காக்கவில்லை.

விடை சரியாக இருந்தும் வழி காட்டப்படாமையாற் புள்ளி குறைந்தது எனக் கணித வினாத்தாளைக் கையிற் பிடித்து வருந்தும் மாணாக்கரை ஆண்டுதோறும் காண்கின்றோம். பாடலின் பொருளைச் சொல்லிவிட்டு, அப்பொருள் எச்சொல்லால் எவ்வாறு பெறப்பட்டது என்பதைக் காட்டாது விடுவோரைத் தமிழ் வகுப்பிலும் காண்கின்றோம். அவர்கள் யாவரும் ஒயிலரை நினைத்தல் வேண்டும். ஐரோப்பா முழுதும் தம் சொல்லை ஏற்கக் காத்திருந்த முதுமையிலும் அவர் தம் பழைய கூற்றுக்கு வழி காட்டினார். வகுத்துப் பார்க்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். நமது கல்லூரியிலிருந்து சென்ற பழைய மாணவர் நீதிமன்றிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் பிறர் நம்பும் சொல்லைச் சொல்லும் நிலையில் உள்ளனர். அச்சொல்லின் பின்னே நிறுவல் நிற்குமாயின், அவர்கள் கற்ற கல்வி பயன் தந்ததாகும். வாழ்க ஒயிலர் புகழ்!